புண்ணைத் தொடுவது யார்?

(மருத்துவம், செவிலியம், சட்டம் படிக்கும் மாணவர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

என்னை அறிமுகப்படுத்திய தோழர் கவிஞர் என்று சொன்னார். ஒரு கவிஞன் வந்து புண்ணைப் பத்திப் பேசப் போறான்னா நீங்க என்ன எதிர்பார்ப்பீங்கன்னு எனக்குத் தெரியும். சாதி நம்ம மேல போட்ட ரணம், ஆறாத காயம், தலைமுறைப் புண்ணு. முப்பது வருசத்துக்கு மேல நம்ம பத்திரிகைகள் இதைப் பக்கம் பக்கமா எழுதியிருக்கு. அது தப்புன்னு நான் சொல்ல வரல. பாமா 1992இல் தன் நூலுக்குக் 'கருக்கு' என்று பெயர் வைத்தார். பனமட்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற, கையை அறுக்கிற பல் அது. கே.ஏ. குணசேகரன் 2005இல் தன்வரலாற்றுக்கு 'வடு' என்று பெயர் வைத்தார். அவையெல்லாம் உடம்பில் பட்டு வந்த சொற்கள். ஆனால் நாளாக ஆக, புண் என்கிற சொல் நம் மேடைகளில் ரொம்ப லேசாகப் புரளுது. நிஜப் புண் இருக்கே, சீழ் வைக்கிற, நாறுகிற, ஈ மொய்க்கிற புண், அது யாருக்கு வருது? அதை யார் தொடுறாங்க? யார் தொட மாட்டேங்கிறாங்க? இதை நாம பேசுறதில்லை. ஆகவே இன்னைக்கு உருவகத்தைக் கொஞ்சம் ஓரமா வச்சிடுவோம். உள்ளங்கை அளவு இருக்கிற ஒரு மிஷினைப் பத்திப் பேசறேன்.

பாடப்புத்தகத்தில் இதை எதிர்மறை அழுத்தப் புண் சிகிச்சை என்கிறார்கள். வார்டில் போய் அந்தப் பேரைச் சொன்னா யாருக்கும் புரியாது. 'வேக் போட்டிருக்கு' என்பார்கள். வேக் என்பது ஒரு கம்பெனி வைத்த வியாபாரப் பெயர். ஜெராக்ஸ் மாதிரி, அந்த வகை எல்லாத்துக்கும் பேராயிடுச்சு.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. முதலில் புண்ணைச் சுத்தம் செய்யணும். செத்த சதையை வெட்டி எடுக்கணும். இதை மறந்துடாதீங்க, பின்னால திரும்ப வருவேன். பிறகு புண்ணின் அளவுக்குக் கத்தரித்த ஸ்பாஞ்சை உள்ளே வைக்கிறார்கள். பாலியூரித்தேன் நுரை, பெரும்பாலும் கறுப்பு நிறம், துளைகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்திருக்கும். அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒட்டுகிற ஃபிலிம். சுற்றியிருக்கிற நல்ல தோலையும் சேர்த்து, காற்று புகாமல் மூடும். ஃபிலிமில் ஓர் ஓட்டை, ஓட்டையில் குழாய், குழாயின் மறுமுனையில் பம்ப். பம்ப் ஓடினதும் ஸ்பாஞ்ச் உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கி உள்ளே ஒட்டிக்கும். வெளிக்காற்றை விட 125 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைவான அழுத்தம் என்பது வழக்கமான கணக்கு. புண்ணில் ஊறும் நீர் குழாய் வழியா ஒரு டப்பாவுக்குப் போகும். வீக்கம் வடியும். விளிம்புகள் உள்ளே இழுபடும். ஸ்பாஞ்சின் ஒவ்வொரு துளையும் சதையைச் சின்னதாக இழுக்கும். அந்த இழுப்பில் செல்கள் பெருகி, நம்ம அம்மாமார்கள் 'செஞ்சதை வந்திருச்சு' என்பார்களே, அது தளிர்க்கும். ரெண்டு மூணு நாளைக்கு ஒருமுறை பிரித்து மாற்றணும்.

பெரிய மிஷின் கட்டில் பக்கத்தில் நிற்கும். நான் பேசப் போறது சின்னது. இடுப்பில் மாட்டிக்கிட்டு நடக்கலாம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். 2011 வாக்கில் ஸ்மித் அண்ட் நெஃப்யூ கம்பெனி கொண்டுவந்த பைக்கோ என்பது ரெண்டு பென்டார்ச் பேட்டரியில் ஓடுவது. டப்பாவே கிடையாது. 80 மில்லிமீட்டர் அளவுக்கு இழுக்கும். கசியும் நீரை டிரெஸ்ஸிங்கே குடித்து, மேல் படலம் வழியா ஆவியாக வெளியே விடும். ஏழு நாள் ஓடி நின்றுவிடும், பிறகு தூக்கிப் போடணும். பேட்டரிகூட இல்லாமல் ஸ்பிரிங் விசையில் ஓடும் ஒன்றும் அமெரிக்காவில் வந்தது. இந்தச் சின்ன வகையெல்லாம் கொஞ்சமாகக் கசியும், ஆழமில்லாத புண்ணுக்குத்தான். ஊத்துகிற புண்ணில் இதைப் போட்டா டிரெஸ்ஸிங் நிரம்பி, நீர் தேங்கி, தோல் ஊறி வெந்துபோகும்.

இதை யார் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டா, அர்ஜென்டா, மோரிக்வாஸ் என்று இரண்டு பேரைச் சொல்வார்கள். வட கரோலினாவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம். 1997இல் அவர்களுடைய கட்டுரைகள் வந்தன. அதற்கு முன்பே சோவியத் மருத்துவர்கள் 1980களில் உறிஞ்சிப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 1993இல் எழுதியிருக்கிறார்கள். கொம்பு வைத்து உறிஞ்சுவது அதைவிடப் பழசு. நம்ம ஊரில் கத்தி எடுத்துக் கட்டி கீறியதும், கொம்பு வைத்ததும், பிரசவம் பார்த்ததும் யார்? முடிதிருத்தும் சாதியார், மருத்துவச்சிகள். ரத்தமும் சீழும் தொடுகிற வேலை தீட்டு வேலை. மனுஸ்மிருதியின் நான்காம் அத்தியாயம் வைத்தியன் கொடுக்கும் சோற்றைச் சீழுக்குச் சமமாக வைத்து விலக்குகிறது. 1927 டிசம்பர் 25இல் மகத்தில் பாபாசாகேப் முன்னிலையில் எரிக்கப்பட்ட புத்தகம் அதுதான். சீழைத் தொட்டவனைச் சீழாகவே பார்த்த சமூகம், பின்னாடி வெள்ளை கோட்டும் டிகிரியும் வந்ததும் மருத்துவத்தைத் தன் சொத்தாக்கிக்கிட்டது. தொடுகிற வேலையை மட்டும் கீழே தள்ளிவிட்டது. இந்த வரலாற்றை மருத்துவ மாணவர்கள் படிக்கணும். பாடத்திட்டத்தில் இருக்காது.

சரி, மிஷினுக்கு வருவோம். ஒரு ஸ்பாஞ்ச், ஒரு ஃபிலிம், ஒரு குழாய், ஓர் உறிஞ்சல். இதுக்குக் காப்புரிமை, காப்புரிமைக்கு வழக்கு. ஸ்பாஞ்சுக்குப் பதில் துணிப்பஞ்சு வைத்தால் காப்புரிமை மீறலா இல்லையா என்று அமெரிக்க நீதிமன்றங்களில் வருசக்கணக்கா நடந்தது. வேக் கம்பெனி கைமாறி, பேர்மாறி, 2019இல் த்ரீ எம் அதை வாங்கியபோது விலை ஏறக்குறைய 670 கோடி டாலர். புண்ணிலிருந்து உறிஞ்சினது நீரை மட்டுமில்லை.

இன்னொரு பக்கம் பாருங்க. 2010 ஜனவரியில் ஹைத்தியில் நிலநடுக்கம். அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804இல் அமைத்த கறுப்பர் குடியரசு அது. நசுங்கின கைகால்கள், மின்சாரம் இல்லை. எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி செய்த ஒரு மாணவி, துருத்தி மாதிரி மடிப்பு வைத்த ஒரு பிளாஸ்டிக் கைப்பம்பை எடுத்துக்கிட்டு அங்கே போனார். கையால் அமுக்கி விட்டால் மெல்ல விரிந்து உறிஞ்சும். செய்யும் செலவு சுமார் மூன்று டாலர். நம்ம நாட்டிலும் அரசு மருத்துவமனைகளில் இதையே வேறு மாதிரி செய்கிறார்கள். ஆட்டோகிளேவில் வேக வைத்த சாதாரண ஸ்பாஞ்ச், அறுவை அறையில் மிஞ்சின ஒட்டு ஃபிலிம், மூக்கில் விடுகிற ரைல்ஸ் குழாய், சுவரில் இருக்கிற சக்‌ஷன். மருத்துவ இதழ்களில் இந்திய அறுவை மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். கம்பெனிப் பேர் இல்லாததாலேயே இது மட்டமான வைத்தியம்னு நம்ம ஆளுங்க நினைக்கிறாங்க. அந்த நினைப்பை முதலில் உடைக்கணும். சுத்தமும் அழுத்தக் கணக்கும் பார்க்கிற ஆளும் சரியாக இருந்தால் சுவர்க்குழாயும் அதே வேலையைத்தான் செய்யுது.

இப்ப யாருக்குப் புண் வருதுன்னு பார்ப்போம். எங்க பெரியப்பா ஒரு நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். வயசு ஐம்பத்தாறு. சர்க்கரை பதினோரு வருசமா இருக்கு. குப்பை மேட்டில் ஒரு ஆணி பூட்ஸைத் துளைத்துக் காலில் ஏறியிருக்கு. அவருக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் பெரியம்மா தரையில ரத்தத் தடம் பார்த்துக் கேட்டப்பதான் காலைத் தூக்கிப் பார்க்கிறார். சர்க்கரை நரம்பைத் தின்னுட்டா வலி தெரியாது. வலி தெரியலைன்னா காயம் இல்லைன்னு மனுசன் நடப்பான். நடக்க நடக்க ஆழமாகும். மூணாவது வாரம் கட்டைவிரலை எடுத்துட்டாங்க. அது ஒரு தனியார் மருத்துவமனை, பேர் வேண்டாம். எடுத்த இடத்தில் இந்தச் சின்ன மிஷினைப் பொருத்தினாங்க. பொருத்தும்போது பெரியம்மாவைக் கூப்பிட்டு, 'பாத்துக்கோங்கம்மா, அடுத்ததை நீங்களே மாத்திக்கலாம், இங்க வரணும்னு இல்ல' என்றார் அங்கிருந்தவர். என்ன வேலைன்னு விசாரிச்ச பிறகுதான் இந்த யோசனை வந்தது என்பது பெரியம்மாவின் சாட்சியம். பக்கத்துக் கட்டில்காரருக்கு, அதே மாதிரி புண்ணுக்கு, செவிலியர் வந்துதான் மாத்தினாங்களாம். பெரியம்மா சொன்னாங்க: "அவங்க காலை அவங்க தொட்டாங்கப்பா. நம்ம காலை நம்மளத் தொடச் சொல்லிட்டாங்க."

இதை நிரூபிக்க முடியுமா என்று சட்டம் படிக்கிற தோழர்கள் கேட்பீங்க. முடியாது. இப்படியான விஷயங்கள் நிரூபிக்க முடியாத விதத்தில்தான் நடக்கும். அதுதான் இதன் தந்திரமே.

நாலாவது நாள் பெரியப்பா வேலைக்குப் போயிட்டார். ஏன்னு கேட்காதீங்க. ஒப்பந்தத்தில் வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. பதினைந்து நாள் வராதவன் பேர் பட்டியலிலேயே இருக்காது. மிஷினைச் சட்டைக்குள்ள பெல்ட்டில் சொருகிக்கிட்டு, குழாயைப் பேண்ட்டுக்குள்ள விட்டு, கட்டுக்கு மேல ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கிட்டுத் தள்ளுவண்டி தள்ளினார். மிஷினை விற்கிற கம்பெனி அச்சிட்டிருக்கிற தாளில், நோயாளி தன் அன்றாட வாழ்வை வழக்கம் போல் தொடரலாம் என்று சிரிக்கிற படமும் இருக்கு. எந்த அன்றாட வாழ்வுன்னு அது சொல்லலை. பூட்ஸுக்குள்ள வேர்வையில் ஃபிலிம் நெகிழ்ந்து, காற்று ஏறி, மஞ்சள் விளக்கு எரிஞ்சிக்கிட்டே இருந்தது. காற்றை இழுக்கிறது போய், சாக்கடைத் தண்ணியை இழுக்க ஆரம்பிச்சது. ஒரு வாரத்தில் பக்கத்து விரலும் போச்சு.

அப்புறம் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஒரு அறுவை மருத்துவர் கையுறை போட்டுக்கிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து செத்த சதையை வெட்டினார். சுவர்க்குழாயில் ஸ்பாஞ்ச் கட்டு போட்டார். பத்து நாள் கழிச்சு அதை எடுத்துட்டுச் சாதாரணக் கட்டும், பாதத்தில் பாரம் ஏறாதபடி மாவுக்கட்டும். நாலு மாசம் ஆச்சு. ஆறிடுச்சு. அந்த நாலு மாசமும் கால் தரையில் படாமல் படுத்திருக்க யார் சோறு போட்டதுன்னா, பெரியம்மா மூணு வீட்டில் பாத்திரம் தேய்ச்சாங்க.

மாவுக்கட்டு என்றேனே, அது சாதாரண விஷயம் இல்லை. வேலூரில் பால் பிராண்ட் என்கிற அறுவை மருத்துவர் 1946இல் வந்து தொழுநோயாளிகளின் கைகால்களைப் பார்த்தார். விரல்கள் தானாக அழுகி விழுதுன்னு உலகமே நம்பிக்கிட்டிருந்த காலம். அவரும் கூட இருந்தவர்களும் காட்டியது, சதை கெட்ட சதை இல்லை, உணர்ச்சி இல்லாத காலை மனுசன் மிதிச்சு மிதிச்சுத் தேய்க்கிறான் என்பது. பாரத்தை எடுத்தா புண் ஆறும். மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பரில் செருப்பு செய்தார்கள். அந்தச் செருப்பைத் தைக்கத் தேவைப்பட்டது தோல் தெரிந்த கைகள். 1966இல் அமெரிக்காவில் கார்வில்லுக்குப் போன பிறகு அதே அறிவைச் சர்க்கரை நோயாளியின் காலுக்கும் கொண்டுபோனார். இன்னைக்கும் பாதத்தின் அடிப்புண்ணுக்கு முதல் வைத்தியம் பாரம் நீக்குவதுதான், மிஷின் அதுக்குப் பின்னாடி. கூலிக்காரனுக்குப் பாரம் நீக்குவதுன்னா சம்பளத்தோட விடுப்பு. அதை எந்தக் கம்பெனியும் டப்பாவில் போட்டு விற்காது.

மிஷின் உண்மையிலேயே வேலை செய்யுதா? இதை நேர்மையாகச் சொல்லணும். 2005இல் லான்செட் இதழில் ஒரு சோதனை வந்தது. சர்க்கரையால் பாதத்தில் ஒரு பகுதி எடுக்கப்பட்ட 162 பேர். மிஷின் வைத்தவர்களில் 56 விழுக்காட்டினருக்குப் பதினாறு வாரத்தில் ஆறியது. வழக்கமான கட்டு போட்டவர்களில் 39 விழுக்காட்டினருக்கு. அது நல்ல வித்தியாசம். ஆனால் ஜெர்மனியில் சர்க்கரைப் பாதப் புண்ணுக்கு நடத்தி 2020இல் வெளியிட்ட பெரிய சோதனையில் வழக்கமான சிகிச்சையை விட மேல் என்று காட்ட முடியவில்லை. எலும்பு முறிந்து சதை கிழிந்த கால்களுக்கு பிரிட்டனில் பார்த்தார்கள், 2018இல் முடிவு வந்தது. ஒரு வருசம் கழித்து நோயாளிகளின் நிலையில் குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை. அப்போ இது பொய்யா? இல்லை. ஆழமான, நீர் ஊறும் புண்ணில், கட்டு மாற்ற ஆளில்லாத இடத்தில், தோல் ஒட்டுவதற்கு முன்னால் தளம் தயாராக, இது உதவும். ஆனால் அதிசயம் இல்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, நான் உட்கார்ந்திருக்கிற வங்கிக் கவுண்டரில் நகைக்கடன் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. மருத்துவம்னு எழுதிட்டு, தாலிக்கொடியில இருந்து குண்டுமணியைக் கழற்றித் தர்ற அம்மாக்களை வாரா வாரம் பார்க்கிறேன். என்ன மருத்துவம்மான்னு கேட்டா, 'காலுக்கு ஏதோ மிஷின் வைக்கணுமாம் சார்' என்று ஒருத்தர் சொன்னார். அடகு வைக்கும் முன்னாடி மூணு கேள்வி கேட்கச் சொல்லுங்க. காலில் ரத்த ஓட்டம் பார்த்தீங்களா? எலும்பில் சீழ் இருக்கான்னு படம் எடுத்தீங்களா? முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் இது வருமான்னு அந்தக் கவுண்டரில் கேட்டீங்களா? ரத்தம் போகாத காலில் எந்த மிஷினும் சதையை வளர்க்காது. முதலில் ரத்தக் குழாயைத் திறக்கணும்.

இனி கூடப் போகிற தோழர்களுக்காகச் சில விஷயம். நம்ம வேலையே ஆஸ்பத்திரிக்குக் கூடப் போறதுதானே.

செத்த கறுப்புச் சதை மேல இதை வைக்கக் கூடாது. வைத்தியம் செய்யாத எலும்புச் சீழ், புண்ணுக்குள்ள புற்று, வெளியே தெரிகிற ரத்தக் குழாய், நரம்பு, குடல், இவற்றின் மேலயும் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரொம்பக் கவனம் வேண்டும். டப்பாவிலோ குழாயிலோ திடீர்னு பளிச்சென்று ரத்தம் ஏறினால் மிஷினை உடனே நிறுத்தி, கட்டைப் பிரிக்காமல் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஓடணும். அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2009இலும் 2011இலும் எச்சரிக்கை விட்டது. 2007லிருந்து அவர்களுக்கு வந்த புகார்களில் 12 சாவு, 174 காயம். சாவுகளில் பெருங்காரணம் ரத்தப்போக்கு. அதிலும் பல, வீட்டிலும் முதியோர் இல்லங்களிலும் நடந்தவை, அதாவது தெரிந்த கை பக்கத்தில் இல்லாத இடங்களில். அடுத்தது உள்ளே மாட்டிக்கொண்ட ஸ்பாஞ்ச் துண்டு. அதனால உள்ளே எத்தனை துண்டு வச்சாங்கன்னு கேட்டு, ஃபிலிம் மேலேயே பேனாவால் எழுதச் சொல்லுங்க. எடுக்கும்போது எண்ணுங்க. கூச்சப்பட வேண்டாம். பெரிய மிஷின் ஒரு நாளில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல நின்னு போயிருந்தா, கட்டைப் பிரிச்சு வேற கட்டு போட்டுடணும். நின்னுபோன மிஷினுக்குக் கீழ மூடின புண் ஒரு மூடின பானை. கரண்ட் போற ஊரில் இது முக்கியம். காய்ச்சல், புது நாத்தம், சுற்றிச் சிவப்பு தெரிஞ்சாலும் ஏழு நாள் முடியட்டும்னு காத்திருக்க வேண்டாம்.

இப்ப முதலில் சொன்னதுக்கு வர்றேன். செத்த சதையை வெட்டி எடுக்கணும். அதுக்கு ஒரு மனுசக் கை வேணும். கத்தியோட, வெளிச்சத்தோட, பொறுமையோட, மூக்கைச் சுளிக்காமல் குனிகிற கை.

'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்று பாபாசாகேப் எழுதி வைத்த குறிப்புகளில் ஒரு சம்பவம் இருக்கு. 1929இல் கத்தியவாரில் நடந்தது. ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர். மனைவிக்குப் பிள்ளை பிறந்து ரெண்டு நாளில் உடம்பு மோசமாகிறது. டாக்டர் சேரிக்கு வர மறுக்கிறார். பிறகு ரெண்டு ரூபாய் ஃபீசுக்கு, பெரிய மனுசன் ஒருத்தர் பொறுப்பேற்க, வருகிறார். நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவரணும் என்பது நிபந்தனை. வந்தவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் திரும்பி வருகிறது. டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்கிறார். அடுத்த முறை கூப்பிட்டபோது வரவில்லை. அந்தப் பெண் செத்துப் போனார். அந்த டாக்டர் தெர்மாமீட்டரைக் கொடுத்தார், மருந்தும் கொடுத்தார், காசும் வாங்கினார். சிகிச்சை நடந்தது என்றுதான் ஏட்டில் எழுதியிருக்க முடியும். தொடுதல் ஒன்றைத் தவிர எல்லாம் நடந்தது.

ஏழு நாளைக்கு யாரும் தொட வேண்டாத கட்டு என்று விளம்பரத்தில் போடும்போது எனக்கு அந்தத் தெர்மாமீட்டர்தான் ஞாபகம் வருது. மருத்துவரீதியா அது நல்ல விஷயம், அதை நான் மறுக்கலை. அடிக்கடி திறக்காத புண் சுத்தமா இருக்கும், வலி குறையும், செவிலியர் பற்றாக்குறை இருக்கிற வார்டில் ஒரு ஆள் பத்துப் பேரைப் பார்க்கலாம். ஆனால் தொட விரும்பாத சமூகத்தின் கையில் அதே வசதி என்ன ஆகும்? 'நீங்களே மாத்திக்கலாம்' ஆகும். கருவி நடுநிலையானது என்று பேசுகிற தோழர்கள் இருக்கிறார்கள். பம்ப் நடுநிலையானதுதான். பம்பை யார் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், யாரைப் படுக்கையில் வைத்துக்கொள்கிறார்கள் என்பது நடுநிலையானது இல்லை.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கு. கழற்றின கட்டு எங்கே போகுது? மருத்துவக் கழிவு விதிகள் 1998இல் வந்தன, 2016இல் புதுசா எழுதப்பட்டன. ரத்தமும் சீழும் பட்ட கட்டு மஞ்சள் பையில் போகணும். அதைத் தூக்குகிறவருக்கு மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, டெட்டனஸ் ஊசி போடணும் என்பது அந்த விதியிலேயே இருக்கு. மருத்துவ மாணவர்கள் உங்க ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற அக்காவைக் கேட்டுப் பாருங்க, மூணு ஊசியும் போட்டாங்களான்னு. வீட்டுக்கு அனுப்பின மிஷினோட கட்டுக்கு மஞ்சள் பை கிடையாது. அது கறிக்கடைக் கவரில் சுற்றித் தெருத்தொட்டிக்குப் போகுது. பேட்டரியோட, குழாயோட, சீழோட. அதைப் பிரிக்கிறது யாரோட கை? திரும்ப எங்க பெரியப்பா மாதிரி ஒருத்தரோட கை. கையுறை கிழிஞ்சா அடுத்த மாசம்தான் புதுசு.

2025 ஆகஸ்டில் சென்னையில் ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். வேலை நிரந்தரம் கேட்டார்கள். நிரந்தரம் என்பதைச் சம்பளக் கோரிக்கையாக மட்டும் பத்திரிகைகள் எழுதின. ஒரு சர்க்கரைக்காரப் பணியாளருக்கு நிரந்தரம் என்பது மருத்துவ விடுப்பு. மருத்துவ விடுப்பு என்பது பாரம் இறங்கின பாதம். அதாவது அவருடைய விரல். தொழிற்சங்கத் தோழர்கள் கோரிக்கைப் பட்டியலில் இதை இப்படியே எழுதணும்: பாதப் புண்ணுக்குச் சம்பளத்தோடு விடுப்பு, வருசம் ஒருமுறை பாதப் பரிசோதனை, ஆணி ஏறாத அடித்தகடு வைத்த பூட்ஸ். மிஷினை அதுக்கு அடுத்த வரியில் கேட்போம். மாவட்ட மருத்துவமனையிலேயே கிடைக்கணும். பொருத்தவும் பிரிக்கவும் செவிலியரே செய்யணும். வீட்டுக்கு அனுப்பினால் சுகாதாரப் பணியாளர் வந்து பார்க்கணும். 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை தர்றாங்க. மாத்திரை தர வர்றவங்க, செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தையும் பார்க்கலாமே?

பாபாசாகேப்புக்கே சர்க்கரை நோய் இருந்தது. கடைசி வருசங்களில் கால்களில் வலியோடுதான் எழுதினார். சிலைக்கு மாலை போடும்போது இதையும் நினைச்சுக்கலாம்.

நாம செய்யக்கூடியது ஒன்னு இருக்கு. பாதத்தில் உணர்ச்சி இருக்கான்னு பார்க்க ஒரு நைலான் இழை போதும், பத்து கிராம் இழைன்னு பேரு. அடிப்பாதத்தில் வைத்து இழை வளையும் அளவுக்கு அழுத்தினால், கண்ணை மூடியிருக்கிறவர் தெரியுதுன்னு சொல்லணும். சொல்லலைன்னா அந்தக் கால் ஆபத்தில் இருக்கு. ஒருத்தருக்கு ஐந்து நிமிசம். செவிலியக் கல்லூரித் தங்கைகள் சொல்லிக் கொடுத்தா மத்தவங்க கத்துக்கலாம். தூய்மைப் பணியாளர் குடியிருப்பு ஒன்னுல ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காருவோம். தோழர்களே, ஒரு விஷயம்: காலை நாம கையில எடுத்துப் பிடிச்சுதான் பார்க்கணும். வருகிறவர்கள் பேர் கொடுங்க, இழை வாங்க ஆளுக்கு இருபது ரூபாயும் கொடுங்க. கேள்வி இருந்தா இப்ப கேட்கலாம்.